நடுக்கூடத்தில் பந்தி

மணிமேகலையைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை'க்கு வரும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். சிறை அறச்சாலையானபோது அங்கே உண்மையில் மாறியது எது? ஒரு முறை ஒரு மாணவி, "சுவர் அதேதான் ஐயா, வாசல்தான் மாறிவிட்டது" என்றாள். அப்பதிலைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது புகார் நகரன்று. நியூயார்க்கில் உள்ள ஒரு தேவாலயம்.

மன்ஹாட்டனின் மேற்கே, செல்சி பகுதியில், ஒன்பதாம் அவென்யூவும் 28ஆம் தெருவும் கூடும் முனையில் பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் நிற்கிறது. ஹட்சன் ஆற்றுத்துறையில் உழைக்க வந்த குடியேறிகளுக்காக, டிரினிட்டி ஆலயத்தாரின் முயற்சியால் 1844இல் தொடங்கப்பெற்ற எபிஸ்கோப்பல் திருச்சபைப் பங்கு அது. ஆலயக் கட்டடம் 1848இல் நிறைவுற்றது. வடிவமைத்தவர் மினார்ட் லஃபீவர். பத்தாண்டுகள் கழித்து, 1858இல், அதன் பக்கச் சிறகுகளை ரிச்சர்ட் அப்ஜான் நிறுவனத்தார் சேர்த்தனர். செங்கற் சுவர், ஒல்லியான கூர்கோபுரம், வில்லியம் ஜே போல்டன் வடித்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அளவில் பெரியதன்று, ஆனால் லஃபீவரின் கட்டடங்களில் எஞ்சியவை குறைவு என்பதால் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் மதிக்கின்றனர். 1966இல் நகராட்சி அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அறிவிப்பு வந்த நேரத்தில் ஆலயத்தைச் சூழ்ந்திருந்த பழைய செல்சி பெரும்பாலும் இல்லை. தையல் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் அப்பகுதியின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, பென் சவுத் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. 10 கட்டடங்கள், 2,820 வீடுகள். 1962இல் நடந்த அதன் அர்ப்பணிப்பு விழாவுக்கு அதிபர் கென்னடியே வந்திருந்தார். தொழிலாளர்க்கு நல்ல வீடு கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடிபட்ட தெருக்களில் இருந்தவர்கள் எங்கோ போனார்கள். ஆலயம் மட்டும் தன் மக்களின்றி அங்கேயே நின்றது. ஊர் கலைந்தபின் தனித்து நிற்கும் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இதன் பின்னர் அவ்வாலயம் பிறர் சேர்க்க மறுத்தவர்களைத் தன் கூரைக்குள் சேர்க்கலாயிற்று. 1973இல் தன்பாலீர்ப்பாளரான யூதர்கள் தமக்கென ஒரு தொழுகைச் சபையைத் தொடங்கியபோது, அவர்கள் கூடியது இந்தக் கிறித்தவ ஆலயத்தில். 1977 ஜனவரியில் எலன் பேரட் என்னும், தம் தன்பாலீர்ப்பை மறைக்காத பெண்மணி, பேராயர் பால் மூரால் இங்குதான் குருவாக அருட்பொழிவு பெற்றார். கண்டனங்கள் குவிந்தன. பங்கின் பணப்பெட்டியோ காலியாகிக் கொண்டிருந்தது.

நியூயார்க் தெருக்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். மாநில மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியனுப்பின. அவர்களைத் தாங்கவேண்டிய சமூக ஏற்பாடுகள் போதிய அளவில் உருவாகவில்லை. ஒற்றை அறைகளை மலிவு வாடகைக்கு விட்டுவந்த விடுதிகள், வரிச்சலுகையின் துணையோடு வசதியானோர்க்கான குடியிருப்புகளாயின. வாடகை கொடுக்கும் ஏழைக்கும் நடைபாதைக்கும் இடையே இருந்த கடைசிப் படி அந்த அறைதான். 1979இல் ராபர்ட் ஹேய்ஸ் என்னும் இளம் வழக்கறிஞர், ஏழைகளைப் பேணுவது அரசின் கடமை என்று கூறும் 1938ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்புப் பிரிவை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் சென்றார். வழக்குத் தொடுத்தவர்களில் முதற்பெயர் ராபர்ட் கேலஹன், வீடற்றவர். 1981 ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தாகி, கேட்கும் வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிடம் தரவேண்டிய பொறுப்பு நகரத்தின் மேல் வந்தது. கேலஹன் அதைக் காணவில்லை. அதற்கு முன்பே தெருவில் இறந்திருந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1982 அக்டோபரில், குரு ரேண்ட் ஃப்ரூ பொறுப்பில் இருந்தபோது பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயத்தின் கஞ்சித்தொட்டி தொடங்கியது. 'சூப் கிச்சன்' என்பதற்கு நம்மிடம் உள்ள சொல் இதுவே. இங்கே அச்சொல்லில் பஞ்சத்தின் வாடையும் அரசியலின் வாடையும் சேர்ந்தடிப்பது வேறு கதை. முதல் நாள் உண்டவர்கள் ஏறத்தாழ 35 பேர். சில ஆண்டுகளில் அது நாளொன்றுக்கு ஆயிரம் பேரளவுக்கு வளர்ந்தது. வரிசையில் நிற்பவரிடம் பெயரோ சமயமோ கேட்பதில்லை. உணவுக்கு முன் பிரசங்கமும் இல்லை. திருச்சபையினர் தொடங்கிய ஒன்றில் இந்தக் கட்டுப்பாடு எளிதாக வந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறேன்.

1990 ஏப்ரல் 9 அன்று ஆலயம் தீப்பற்றியது. கூரை பெருமளவு அழிந்தது. சாளரங்கள் சிலவும் போயின. ஆனால் பந்தி ஒரு நாளும் நிற்கவில்லை. மறுநாளும் வந்தவர்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. திருப்பணி நான்கு ஆண்டுகள் நீடித்தது.

1994இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் முக்கியமான மாற்றம் தெரிந்தது. நடுக்கூடத்தில் நீள்பலகை இருக்கைகள் திரும்பப் பொருத்தப்படவில்லை. அந்த இடத்தில் மேசைகளும் நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் வந்தன. வழிபாட்டுக்குரிய கூடமே வார நாட்களில் உணவுக்கூடமாயிற்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வியை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டதைப் பார்த்தவன் நான். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க ஆலயங்கள் பலவற்றில் இருக்கைகள் வாடகைக்கும் விலைக்கும் விடப்பட்டன. பணமுள்ளவர் முன்னே, இல்லாதவர் பின்னே. இருக்கை வரிசை என்பது வெறும் மரமன்று, ஒரு சமூக ஏற்பாடு. கண்ணாடிச் சாளரத்தைச் செப்பனிட்டு இருக்கையை விட்டுவிட்டவர்கள், எதைக் காப்பது, எதை விடுவது என்பதைச் சரியாகவே பிரித்தறிந்தனர் எனத் தோன்றுகிறது.

இலக்கிய வாசகர்கள் அறியவேண்டிய பகுதி இனிமேல்தான். நியூயார்க்கர் இதழின் எழுத்தாளர் இயன் ஃப்ரேசியருக்கு ஓர் அறக்கட்டளையின் நல்கை கிடைத்தது. இலாப நோக்கற்ற அமைப்பொன்றுடன் சேர்ந்து அவர் ஏதேனும் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அவர் இந்த ஆலயத்தைத் தேர்ந்து, 1990களின் நடுவில் உணவுக்கு வருபவர்களுக்காக எழுத்துப் பட்டறை தொடங்கினார். உண்டு முடித்தபின், விரும்பியவர்கள் அமர்ந்து எழுதுவார்கள். எழுதியதை உரக்கப் படிப்பார்கள். நல்கை முடிந்தபின்னும் பட்டறை நின்றுவிடவில்லை. அங்கே எழுதப்பட்டவற்றிலிருந்து 2004இல் ஒரு தொகுப்பும் வந்தது. பதிப்பித்தவர்கள் ஆலயத்தின் குரு எலிசபெத் மேக்ஸ்வெல்லும் எழுத்தாளர் சூசன் ஷபீரோவும்.

இதைப் பசித்தவனுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் மேசையைப் பற்றிப் பேசுவேன். வீடில்லாதவனிடம் தாளும் பேனாவும்கூட இருக்கலாம். இல்லாதது, யாரும் எழுப்பி அனுப்பாமல் அமர்ந்து எழுத ஒரு மேசை. இருக்கைகளை எடுத்துவிட்டு உணவுக்காகப் போட்ட மேசை, தட்டுகளை அகற்றியபின் எழுத்துக்கும் மேசையாயிற்று.

2020இல் கொரோனா வந்தபோது அந்த நடுக்கூடத்தில் சேர்ந்து உண்பது இயலாமற் போயிற்று. உணவைப் பைகளில் கட்டி வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் அவென்யூவில் வரிசை முன்னிலும் நீண்டது.