ஊடலுக்கு ஒதுக்கிய மூன்று அதிகாரங்கள்

திருக்குறளின் 1330ஆவது குறள் ஊடலைப் பற்றியது. அறத்தில் தொடங்கிய வள்ளுவர், கணவன் மனைவிக்குள் எழும் சின்னப் பிணக்கில் நூலை முடிக்கிறார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரங்களும் இதற்கே. கூடி வாழ்பவர்களுக்குள் சலிப்பு தட்டும் என்பதையும், அதைக் கவனிக்காமல் விடக்கூடாது என்பதையும் அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அவருக்கு முன்பே, சங்கப் பாடல்களில் வயலும் வயல் சார்ந்த ஊருமான மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல்தான். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய முதல் நூறு பாடல்களும் மருதம். வயல் செழித்த ஊர், வசதியான வீடு. தலைவனோ பரத்தையைத் தேடிப் போகிறான். திரும்பி வரும்போது தலைவி அவனை ஏற்க மறுக்கிறாள்.

இதில் சமநீதி இல்லை. ஊர் சுற்றும் உரிமை ஆணுக்கு. பொறுத்துப் போகும் கடமை பெண்ணுக்கு. கோபம் ஒன்றே அவள் கையில் இருந்த ஆயுதம். அதைத் தணிக்கத் தூது போகும் ‘வாயில்கள்’ பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. தோழி, பாணன், விறலியரோடு விருந்தினரும் அதில் உண்டு. விருந்தாளி வந்துவிட்டால் தலைவி முகத்தில் கோபம் காட்டமாட்டாள் என்பது தலைவனின் நம்பிக்கை!

வள்ளுவர் இந்தக் கதையின் போக்கையே மாற்றினார். பொருட்பெண்டிர் உறவை ‘வரைவின் மகளிர்’ அதிகாரத்தில் கண்டித்தவர், காமத்துப்பாலில் ஊடலுக்கு வேறு காரணங்களைத் தேடினார். ஒரு குறளில் கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, “யார் நினைத்ததால் தும்மினீர்?” என்று அழுகிறாள். இன்னொரு குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். யாரோ நினைப்பதை மறைப்பதாகச் சொல்லி அதற்கும் அழுகிறாள். துரோகம் ஏதும் இல்லை. அன்பு மட்டும் விழித்துக்கொள்கிறது. அளவையும் அவரே சொல்கிறார்: ஊடல் உணவில் உப்பு போல இருக்க வேண்டும், நீண்டால் கெடும்.

ஊடும் வழக்கம் கோயிலுக்குள்ளும் நுழைந்தது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் திருவிழா நடக்கிறது. அதன் பெயரில் ஒரு தெருவே உண்டு. திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று மட்டையடி உற்சவம். உறையூர் கமலவல்லி நாச்சியாரிடம் போய்வந்த நம்பெருமாளுக்கு ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறார். சமாதானம் பேச வருபவர் நம்மாழ்வார். தொல்காப்பியர் சொன்ன வாயிலின் வேலை அங்கே ஆழ்வாருக்கு. ஊடல் தீர்ந்த பிறகுதான் சேர்த்தி சேவை. ரங்கநாயகித் தாயாரோடு நம்பெருமாளைச் சேர்த்துச் சேவிக்க ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே வாய்க்கிறது.