சோர்வு யார் கணக்கில்? நீர்மூழ்கி விளையாட்டும் ஆரணிக் குழித்தறியும்

யூபிசாஃப்டின் ருமேனியக் கிளை 2005இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஹன்டர் 3’ என்ற கணினி விளையாட்டில், ஆடுபவர் இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி. எதிரிக் கப்பலைத் தேடுவதோடு மாலுமிகளின் களைப்பையும் அவர்தான் கவனிக்க வேண்டும். எந்திர அறையில் நின்றவன் தளர்ந்தால், படுக்கைப் பகுதிக்கு அவனை நகர்த்திவிட்டு, ஓய்வெடுத்த ஒருவனை அங்கே நிறுத்த வேண்டும். மறந்தால் டார்பிடோ நிரப்புவதும் பழுதுபார்ப்பதும் இழுபடும். பதக்கம் குத்திவிட்டால் களைப்பைத் தாங்கும் திறன் கூடும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

வாரக்கணக்கான பயணத்தைச் சீக்கிரம் கடக்க இதில் நேரத்தை வேகமாக ஓட்டலாம். அந்த வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சோர்வுக் கணக்கு நின்றுவிடும். தளபதி பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே மாலுமி களைப்பான். ஆடியவர்கள் பலர் இதைப் பிழை என்றார்கள். கணக்கைத் தாங்களே மாற்றி எழுதியும் பார்த்தார்கள். பிழைதான். ஆனால் சோர்வை மேலாள்பவர் வேறு, சோர்பவர் வேறு என்றிருக்கும் எந்த அமைப்பிலும் நடப்பதை இந்தப் பிழை அப்படியே காட்டிவிடுகிறது.

அந்தக் காலத்து மெய்யான கப்பல்களில் களைப்பைத் தளபதி ஆள் ஆளாகப் பார்க்கவில்லை. கடலோடிகள் 3 குழுக்களாகப் பிரிந்து 4 மணி நேரம் காவல் நின்றார்கள். எந்திரப் பிரிவினர் 2 குழுக்களாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறினார்கள். ஒருவன் எழுந்த படுக்கையில் அடுத்தவன் படுத்தான். விளையாட்டின் 2007இல் வந்த நான்காம் பாகம் மூன்று முறைக்காவலைத் தானாகவே சுழலவிட்டு, ஆடுபவரின் தலைவலியைத் தீர்த்தது. அமெரிக்க நீர்மூழ்கிகளில் நெடுங்காலம் 18 மணி நேரமே ஒரு ‘நாள்’. அது உடலின் இயல்பான தூக்கச் சுற்றோடு ஒத்துவராததால் 2014இல் 24 மணிச் சுற்றுக்கு மாறத் தொடங்கினார்கள். ஆக, களைப்பைத் தீர்மானிப்பதில் தனி ஆளின் உடல் வலுவைவிட, வேலையை முறைவைத்துப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கே பங்கு அதிகம்.

முறை எழுதப்பட்டிருந்தால் போதுமா? 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவு கடந்ததும் மும்பைக் கடற்படைத் தளத்தில் ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. 18 பேர் இறந்தனர். ரஷ்யாவில் பழுதுபார்ப்பு முடிந்து அந்த ஆண்டுதான் திரும்பியிருந்த கப்பல் அது. கடற்படை விசாரணையின் முடிவுகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017 அறிக்கையில் எடுத்துரைத்தார்: விதித்த வேலை நேரத்தைத் தாண்டி உழைத்து மாலுமிகள் களைத்திருந்தார்கள், ஆயுதம் ஏற்றும் முன் அதை உரியவர்கள் சரியாக மதிப்பிடவில்லை. வெடிப்புக்குக் களைப்பு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் அங்கே நேர வரம்பு இருந்தது; அது மீறப்பட்டதும் பதிவானது. அதனால்தான் கேள்வி கேட்க முடிந்தது.

பட்டு நெய்யும் ஆரணிக் குழித்தறிகளில் அந்த நேர வரம்பே கிடையாது. குழித்தறியில் உட்காரும் நெசவாளியின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்ட, மறு கை பலகையை இழுத்துக் குறுக்கிழையான ஊடையை அடிக்கிறது. கண் நெடுக்கிழைகளான பாவிலேயே நிலைத்திருக்க வேண்டும். பட்டிழை ஒன்று அறுந்து, அதைக் கவனிக்காமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டால், அவ்வளவையும் பிரிக்க வேண்டும்; இல்லையேல் கூலியில் பிடித்தம். இடுப்பும் முட்டியும் முதலில் போகும், பிறகு கண். ஊடை நூலைத் தாரில் சுற்றும் மனைவியோ தாயோ சமையலுக்கு எழுந்து வந்து மறுபடி உட்காருவார். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி என்று பெரும்பாலும் எதுவும் இல்லை.

நெசவாளி தன் விருப்பப்படி எழுந்து போகலாமே, அவருக்கு எதற்கு நேரக் கட்டுப்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கூலி புடவைக் கணக்கில் வரும்போது அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறித் தறி நின்ற நாட்களை, வெயில் வந்ததும் இரவு நெய்துதான் ஈடுகட்ட வேண்டும். முகூர்த்த மாதத்துக்கு முன் புடவை கடைக்குப் போயாக வேண்டும். பட்டும் ஜரிகையும் கொடுத்தவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். தளபதியும் மாலுமியும் இங்கே ஒரே ஆள். ஆனால் வேகத்தைக் கூட்டும் விசை மட்டும் வேறொருவர் கையில்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வரையறுத்தது. மின்விசை இல்லாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் அது பொருந்தியது. வீட்டுத்தறி அந்த வரையறைக்கு வெளியே நின்றது. நெசவாளிக்கு விருதும் புடவைக்குப் புவிசார் குறியீடும் தேவையானவையே. ஆனால் விளையாட்டில் பதக்கம் செய்யும் மாயத்தை அவை நெசவாளியின் இடுப்புக்குச் செய்வதில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு புடவைக்குச் செல்லும் நேரத்தை, தார் சுற்றும் நேரம் உட்பட, கூலி நிர்ணயத்துக்கு முன் அளந்து பதிய வேண்டும். கூலி உயர்வுப் பேச்சு அந்தப் பதிவிலிருந்து தொடங்கட்டும்.