ஓசூர்ச் சீமையில் ஈழத்துப் பொப்பிசை: ஒரு மறுபதிப்புச் சரித்திரம்

தானே பாட்டெழுதித் தானே மெட்டமைத்துப் பாடிப் பிரசித்தி பெற்ற ஒருவருடைய ஆரம்பகாலப் பாடல்களைப் பல வருஷங்கள் சென்றபின் ஒன்றாகத் திரட்டி மறுபடியும் வெளியிடுவது, வியாபார ஸ்தாபனங்களின் சாதாரணக் காரியமாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் ஜனரஞ்சக சங்கீதத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர்க்கு முதற்பதிப்பைக் காட்டிலும் மறுபதிப்பே அதிகச் செய்தி தருவதாகும் என்பது என் துணிபு. இத்துணிபை ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைக் கொண்டும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் அப்பாடல்கள் வந்து சேர்ந்த வகையைக் கொண்டும் இங்கே நிறுவ முயல்கிறேன்.

இவ்விசையின் பூர்வீகம் கடலோடு சம்பந்தப்பட்டது. 1505-இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்க வம்சத்தவரும் விட்டுச்சென்ற ஆட்டப் பாட்டு மரபிலிருந்து ‘பைலா’ என்னும் துள்ளுநடைப் பாடல் உருப்பெற்றது. போலீஸ் உத்தியோகத்தில் இருந்த வாலி பாஸ்டியன் என்பவர் அதனைச் சிங்கள மேடைக்கு உரியதாக்கினார். 1960-களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவரும் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவருமான நித்தி கனகரத்தினம், அந்தத் துள்ளுநடையை எடுத்துக்கொண்டு, கிதாரின் துணையோடு, யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களில் வழங்கும் பேச்சுத் தமிழிலேயே பாட்டுக் கட்டினார். ‘சின்ன மாமியே’ என்பது மாமியை விளித்து அவள் மகளைப் பற்றி வினவும் பாட்டு. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்பதோ மதுவிலக்கு உபதேசத்தை ஆட்டத்துக்குரிய தாளத்தில் ஏற்றிய விசித்திரமான பிரயோகம். நாட்டார் பாடலின் உறவுமுறை விளியும் நையாண்டியும் மேனாட்டு வாத்தியத்தோடு இவ்வளவு இயல்பாக இசைந்தமை, தமிழில் அதற்கு முன் அரிதாகவே நிகழ்ந்தது.

அவருக்கு அடுத்து விளங்கிய ஏ. ஈ. மனோகரன், ‘சுராங்கனி’ என்னும் ஒரே பாட்டினால் தமிழகம் முழுவதும் அறியப்பட்டவராகி, இந்நாட்டுத் திரைப்படங்களில் நடிகராகவும் தோன்றி, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். மீன் கொண்டுவந்திருக்கும் செய்தியைச் சொல்லும் அப்பாட்டின் பல்லவி சிங்களம். 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தில் இளையராஜாவும் அதனைப் பயன்படுத்திக்கொண்டார். பொருள் விளங்காத பல்லவியைத் தமிழர் அனைவரும் பாடினர் என்றாலும், ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் வளர்த்துக் கன்னடத்தில் முடிக்கும் வழக்கமுடைய ஓசூர் ஜனங்களுக்கு அதில் அந்நியம் ஏதும் தோன்றியிராது என்றே எண்ணுகிறேன்.

இப்பாடல்கள் முதலில் வந்த மார்க்கம் வானொலி. 1952-இல் கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியான பின் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்ததும், 1957-இல் விவித பாரதி தொடங்கும்வரை அந்த இடைவெளியை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியதும் பலரும் அறிந்தவை. சினிமாப் பாட்டுக்காகக் கொழும்பின் பக்கம் திரும்பிய செவிகள், பின்னாளில் அங்கேயே பிறந்த பாட்டையும் கேட்டுப் பழகின.

இரண்டாவது மார்க்கமாகிய ஒலிநாடாவே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. 1970-களில் ‘சிப்காட்’ தொழிற்பேட்டை அமைந்து, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் உற்பத்தியும் ஓசூரில் நிலைகொண்டபோது, தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் வாலிபர்கள் வேலை தேடி வந்து அறை எடுத்துத் தங்கினர். அதே காலத்தில்தான், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையாலும் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் ‘டூ இன் ஒன்’ பெட்டிகளைக் கொண்டுவந்தமையாலும், இசைத்தட்டின் ஸ்தானத்தை ஒலிநாடா கைப்பற்றியது. நாற்பத்தைந்து சுழற்சித் தட்டு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல் அடங்குவது அரிது. அறுபது நிமிஷ நாடாவிலோ பன்னிரண்டு பாட்டுக்கு மேல் அடங்கும். ஆகவே, வாடிக்கைக்காரர் ஒரு காகிதத்தில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுக்க, அவற்றை வெவ்வேறு தட்டுகளிலிருந்து ஒரே நாடாவில் பதிந்து கொடுக்கும் ‘ரிக்கார்டிங் சென்டர்’ தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களின் பக்கங்களிலெல்லாம் தோன்றிற்று. பாடகரின் பழைய பாடல்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, மறுபடியும் புழக்கத்துக்கு விட்ட முதல் தொகுப்பாசிரியர்கள் இந்த வாடிக்கைக்காரர்களே. கம்பெனிகளின் தொகுப்புகள் இவர்கள் காட்டிய வழியில் பின்தொடர்ந்தவை. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய ஒரு தொழிலாளியின் ரசனை, ஒரு கலைவகையின் சரித்திரத்தை நிர்ணயித்தது என்பதைச் சரித்திரக்காரர் இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை.

கர்நாடக எல்லைக்கு அப்பாலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1978-இல் கன்னடக் கவிஞர் நிசார் அகமதின் கவிதைகளுக்கு மைசூர் அனந்தஸ்வாமி இசையமைத்த ‘நித்யோத்ஸவ’ ஒலிநாடாவாக வெளிவந்து, கன்னட பாவகீதத்துக்கு ஒரு புதிய யுகத்தைத் தொடங்கிவைத்தது. அம்மரபின் மற்றொரு தூணாகிய சி. அஸ்வத், பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். ஆலையும் நாடாவும் பாட்டும் இவ்வாறு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த பிரதேசம் இது.

மறுபதிப்பின் நோக்கம் எங்கும் ஒன்றன்று. இங்கிலாந்தில் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1970-இல் வேறொரு கம்பெனியின் மூலம் பெரும் கீர்த்தி அடைந்தவுடன், அவருடைய பழைய கம்பெனியாகிய டெராம் 1971-இல் அவருடைய ஆரம்பகாலப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. அங்கே புதிய கீர்த்தி பழைய பாட்டை இழுத்து வந்தது. ஈழத்துப் பாடல்களுக்கோ, 1983-ஆம் வருஷத்து இனக்கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழ் ஜனங்கள் தேசாந்தரம் சென்று சிதறியமையே மறுபதிப்புக்குக் காரணமாயிற்று. நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அப்பாடல்கள் நாடாவாகவும் குறுந்தட்டாகவும் மீண்டும் மீண்டும் பிரதி செய்யப்பட்டுக் காப்பாற்றப்பட்டன. அதற்காக அவற்றைப் பிரதி செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் சேதம் நிகழாமல் இல்லை. தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் இருந்த பாடலாசிரியர் பெயரும் தட்டின் எண்ணும் நாடா உறையில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இரண்டு மூன்று பிரசித்தமான பாடல்களே தொகுப்புதோறும் திரும்ப வந்தமையால் ஏனையவை மறைந்தன. போங்கோவும் கிதாரும் ஒலித்த மூலப் பதிவுக்குப் பதிலாக, விசைப்பலகையோடு மறுபடியும் பாடிப் பதிந்தது அதே பெயரில் விற்கப்படும் வழக்கமும் ஏற்பட்டது. இம்மூன்றாவது தீங்கையே நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்; மூலத்தைக் கேட்டிராத தலைமுறைக்குப் போலியே மூலமாகிவிடுகிறது.

இந்தியாவின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷம் முதல் 60 வருஷங்கள் நீடிக்கும். எனவே 1970-இல் இந்நாட்டில் வெளிவந்த தட்டு 2030-இன் முடிவில் பொதுவுடைமையாகும். அதற்குள் பாடல் ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோர் பெயர், பதிவான வருஷம், வாத்தியக்காரர் விவரம் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, மூலத்தட்டிலிருந்தே பிரதி எடுத்து வெளியிடும் செம்மையான பதிப்பு ஒன்றுக்கு ஆயத்தம் செய்தல் வேண்டும். அதற்குரிய ஆதாரங்கள் கொழும்பு, யாழ்ப்பாணத்து வீடுகளில் மட்டுமல்ல, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய ஊர்களின் பழைய ரிக்கார்டிங் சென்டர்க்காரர்கள் வைத்திருந்த பாட்டுப் பட்டியல் நோட்டுகளிலும் தேடப்பட வேண்டியவை.