டர்போ எஞ்சினின் அழுத்த உணரி: ஒரு வரலாறு

டர்போசார்ஜர் பொருத்திய மகிழுந்தில் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை மின்னழுத்தமாக மாற்றி, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும் சிறு கருவி காற்றழுத்த உணரி எனப்படுகிறது. பணிமனைகளில் இதை 'மேப் சென்சார்' என்றும் 'பூஸ்ட் சென்சார்' என்றும் வழங்குவர். உருவில் சிறியதாயினும் இதன் சொல்லை நம்பியே கணினி எரிபொருளின் அளவையும் டர்போவின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. உணரி தவறாகச் சொன்னால் எஞ்சின் இழுவை இழக்கும், புகை கக்கும். சில வேளைகளில் பிஸ்டனே உருகிப் போகும்.

இக்கருவியின் வரலாற்றை ஒரே கேள்வியைக் கொண்டு தொடரலாம்: அழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது?

அழுத்தமும் ஒப்பீடும்

பஞ்சர் கடையில் உள்ள காற்றுமானி, டயரில் மாட்டாதபோது சுழியத்தைக் காட்டுகிறது. அதைச் சுற்றிக் காற்றே இல்லை என்பது இதன் பொருளன்று. வெளிக்காற்றின் அழுத்தத்தையே சுழியமாகக் கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும் அது சொல்கிறது. இது ஒப்பு அழுத்தம். வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு அளப்பது தனி அழுத்தம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் தனி அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல்.

டயருக்கு ஒப்பு அழுத்தம் போதும். எஞ்சினுக்குப் போதாது. சிலிண்டருக்குள் எவ்வளவு ஆக்சிஜன் சென்றது என்பதே எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. அதைக் கணக்கிடத் தனி அழுத்தமும் காற்றின் வெப்பநிலையும் தெரிய வேண்டும். மலையேறும்போது வெளிக்காற்றின் அழுத்தமே குறைவதால், ஒப்பு அழுத்தம் மட்டும் காட்டும் கருவி அந்தக் குறைவை அறியாது.

பாதரசத்திலிருந்து உலோகப் பெட்டி வரை

இத்தாலியைச் சேர்ந்த டோரிசெல்லியின் பெயரால் அறியப்படும் பாதரசச் சோதனை 1643-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தபோது, குழாயின் மேற்பகுதியில் வெற்றிடம் உண்டாயிற்று. வெளிக்காற்றின் அழுத்தத்தை வெற்றிடத்தோடு ஒப்பிட்டு அளக்கும் வழி இதனால் பிறந்தது.

1648 செப்டம்பர் 19 அன்று, பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சின் பூய் தெ தோம் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். அடிவாரத்து நகரிலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். உச்சியில் பாதரசம் ஏறத்தாழ 8 செ.மீ. இறங்கியிருந்தது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

எஞ்சினுக்குள் அழுத்தத்தை அளக்கும் முயற்சி நீராவிக் காலத்தில் தொடங்கியது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-இல் சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதைத் தாளில் கோடாக வரையும் கருவியை உருவாக்கினார். 1844-இல் பிரெஞ்சுக்காரரான விதீ, காற்றை வெளியேற்றி மூடிய மெல்லிய உலோகப் பெட்டியைக் கொண்டு திரவமற்ற காற்றழுத்தமானியை அமைத்தார். டோரிசெல்லியின் வெற்றிடம் இப்போது கையடக்கமான பெட்டிக்குள் வந்துவிட்டது. 1849-இல் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் மானி வேறு வழியில் சென்றது. அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டது. கொதிகலன்களில் காணும் வட்ட முகமும் ஊசியும் கொண்ட மானிகள் அதன் வழிவந்தவை.

மலையில் சோதித்த டர்போ

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்பிரெட் பியூஷி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் வானூர்திகளுக்கு இது தேவைப்பட்டது. உயரே பறக்கும்போது காற்று அடர்த்தி குறைந்து எஞ்சின் வலுவிழந்தது. அமெரிக்காவின் சான்போர்டு மாஸ் 1918-இல் லிபர்ட்டி வானூர்தி எஞ்சின் ஒன்றை 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுசென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே 230 ஆகக் குறைந்தது. டர்போவுடன் 356 தந்தது. டர்போவின் முதற்பணி மலையில் இழந்ததை மீட்பதாகவே இருந்தது. வேகத்துக்காக அதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னர் வந்தது.

சவ்வும் ரப்பர்க் குழாயும்

1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவர்லே கார்வேர் ஆகிய மகிழுந்துகள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. அக்காலத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியவை சுருள்வில்லும் சவ்வும்தாம். டீசல் எஞ்சின்களிலும் அப்படியே. உட்புகு குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் டீசல் பம்பின் தலையிலுள்ள சவ்வறைக்குச் செல்லும். அழுத்தம் கூடினால் சவ்வு கீழிறங்கிக் கூடுதல் டீசலுக்கு வழிவிடும். காற்று வருமுன் டீசல் மிகுந்து கரும்புகை எழுவதை அது தடுத்தது.

பழைய லாரிகளில் இழுவை குறைந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் அந்தச் சிறு குழாயில் விரிசல் உள்ளதா என்று தடவிப் பார்ப்பார். கண்ணும் காதும் விரலுமே கருவிகள். ஆயினும் சவ்வின் மறுபுறம் திறந்த காற்று இருந்ததால், எளிய வகைப் பம்புகள் மலை உயரத்தை அறியவில்லை. உயரத்துக்கென்று விதீயின் பெட்டியைப் போன்ற தனி உறுப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மின்னணுக் காலம்

1967-இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு எரிபொருள் அமைப்பு வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்தது. பெயரிலுள்ள 'டி', அழுத்தத்தைக் குறிக்கும் 'துருக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதன் உணரிக்குள்ளும் காற்று நீக்கிய உலோகப் பெட்டியே இருந்தது. அதன் அசைவை மின்சுருள் உணர்ந்தது.

அடுத்த மாற்றத்துக்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினால் அவற்றின் மின்தடை பெரிதும் மாறுவதை வெளியிட்டார். இதைக் கொண்டு, சிலிக்கான் துண்டில் மெல்லிய சவ்வைச் செதுக்கி, அதன்மீது நான்கு தடைகளை வீட்ஸ்டன் பாலமாக அமைத்து, சவ்வின் பின்புறம் வெற்றிடத்தை மூடி வைத்தனர். இன்றைய உணரி இதுவே. டோரிசெல்லியின் குழாயிலிருந்த வெற்றிடம் சிலிக்கான் துண்டுக்குள் குடிபெயர்ந்தது.

1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு மற்றொரு திருப்பம். எஞ்சினில் தட்டல் ஒலியை உணரும் கருவியும் அழுத்த உணரியும் சேர்ந்து தெரிவிக்க, மின்னணுப் பெட்டி டர்போ அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்தது. அழுத்த அளவு இவ்வாறு டர்போவுக்கே கட்டளையாயிற்று.

தமிழ்நாட்டில்

சென்னையை மையமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டது. அதன் டர்போக்கள் இந்திய வாகனங்களில் பரவின. 2002-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து காமன் ரெயில் டீசல் எஞ்சின் கொண்ட ஆக்சென்ட் மகிழுந்தை வெளியிட்டது. 2013-இல் மறைமலை நகரில் தயாரான போர்டு ஈக்கோஸ்போர்ட், 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுடனும் கிடைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 4, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 ஆகிய புகை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. துல்லியமான அழுத்த அளவின்றி இவ்விதிகளுக்கு உட்பட்டு டர்போ எஞ்சினை இயக்குவது அரிது. இதனால் சிற்றூர்ப் பணிமனைக்கும் இந்த உணரி வந்து சேர்ந்தது.

பொருத்தும் இடம்

உணரியை எங்கே வைக்கிறோமோ அந்த இடத்தின் அழுத்தத்தையே அது சொல்லும். டர்போவுக்கும் திராட்டிலுக்கும் இடையே வைத்தால் டர்போ தரும் அழுத்தம் தெரியும். திராட்டிலுக்குப் பின்னே, உட்புகு பன்வாய்க் குழாயில் வைத்தால் சிலிண்டர்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் தெரியும். பெட்ரோல் எஞ்சின் மெல்ல ஓடும்போது இரண்டும் பெரிதும் வேறுபடும். பல வண்டிகளில் இரு இடங்களிலும் உணரி உண்டு.

துளை கீழ்நோக்கியும் உணரி மேலேயும் இருக்குமாறு பொருத்துவது வழக்கம். இல்லையேல் எண்ணெய்ப் பிசுக்கும் நீரும் துளையில் தேங்கும். புகைபோக்கிக் குழாயின் சூட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். ரப்பர் வளையம் கிழியாதிருக்க வேண்டும். இடையே குழாய் வைப்பதானால் அது குட்டையாகவும் அழுத்தம் தாங்குவதாகவும் இருத்தல் நன்று; இரு முனைகளிலும் பிடிப்பான் தேவை. டர்போ அழுத்தத்தில் அந்தக் குழாய் கழன்றால் உணரி வெளிக்காற்றை மட்டுமே காணும். இந்த அளவை மட்டுமே நம்பும் பெட்ரோல் எஞ்சினில் கணினி எரிபொருளைக் குறைக்கும். உள்ளே காற்றோ மிகுந்திருக்கும். தட்டலும் பிஸ்டன் சேதமும் இவ்வாறு நேரக்கூடும்.

மின்கம்பி இணைப்பு

பெரும்பாலான உணரிகளில் மூன்று கம்பிகள்: 5 வோல்ட் வழங்கல், தரை, குறிகை. நான்காவது கம்பி இருந்தால் அது காற்றின் வெப்பநிலைக்கானது. கம்பியின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே நிறத்தை நம்பாமல் அந்த வண்டியின் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

தரைக் கம்பியை வண்டியின் உடலில் முடுக்குவது தவறு. விசிறி, முகப்பு விளக்கு ஆகியவற்றின் மின்னோட்டமும் அவ்வுடலின் வழியே செல்வதால் அங்கே சிறு மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கும். உணரியின் தரை கணினிக்கே திரும்ப வேண்டும். குறிகைக் கம்பி தீப்பொறிச் சுருளின் கம்பிகளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும்.

கள்வராயன் மலையின் உயரம் எத்தனை வோல்ட்?

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதை ஒரு கணக்கு விளக்கும். 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் உணரி 0.4 முதல் 4.65 வோல்ட் வரை தருவதாகக் கொள்வோம். உளுந்தூர்பேட்டை, களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் காற்றழுத்தம் கடல் மட்ட அளவை ஒட்டியே இருக்கும். சரியாகக் கடல் மட்டத்தில் உணரி 1.90 வோல்ட் தரும்.

கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலை நோக்கி வண்டி ஏறுகிறது. கள்வராயன் மலையின் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி உயரமுள்ளது. 3000 அடி, அதாவது ஏறத்தாழ 900 மீட்டரில் காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல். அங்கே உணரி 1.71 வோல்ட் தரும்.

ஒரு மலையின் உயரம் முழுவதும் கணினிக்கு 0.19 வோல்ட் மட்டுமே. பச்சை பூத்த ஒரு கனெக்டர் முள்ளிலும் தளர்ந்த தரை இணைப்பிலும் அவ்வளவு மின்னழுத்தம் தவறிவிடக்கூடும். அப்போது சமவெளியில் ஓடும் வண்டி தன்னை மலைமேல் இருப்பதாகவோ, மலைமேல் உள்ள வண்டி தன்னைச் சமவெளியில் இருப்பதாகவோ எண்ணி எரிபொருளைக் கணக்கிடும். முன்னதில் இழுவை குறையும். பின்னதில் புகை மிகும். உணரி பழுதென்று புதிதாக மாற்றியும் குறை தீராத வண்டிகளில் பிழை பலமுறை கம்பியிலேயே இருக்கும். வாங்கிய உணரியின் விலை வீண்.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், உணரியின் அளவைப் படித்தால் போதும். டர்போ சுழலாத அந்நிலையில் அது காட்ட வேண்டியது அவ்வூரின் காற்றழுத்தத்தை. பொருந்தவில்லையெனில் 5 வோல்ட் வழங்கலையும், தரைக் கம்பிக்கும் கணினியின் தரைக்கும் இடையிலான மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். பின்னது ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாத அந்த ஒரு நிமிடத்தில் வண்டியின் உணரி வெறும் காற்றழுத்தமானிதான். பெரியே 1648-இல் மலைமீது சுமந்து சென்ற குழாய் காட்டிய அதே அளவை அது காட்டுகிறது. அந்த அளவு சரியானால்தான் அதற்கு மேல் டர்போ சேர்க்கும் அழுத்தத்தைப் பற்றி அது சொல்வதையும் நம்பலாம்.