இதய மின்வரைபும் அதன் வாசிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு எழுதப்படும்போது, ஒரு கருவி தோன்றுவதற்கு ஏதுவாயிருந்த சமூக உழைப்பு மறைந்துவிடுகின்றது. அது தரும் பதிவும் வல்லுநர் மட்டுமே அறியத்தக்க மறைமொழியாகத் தோன்றுகின்றது. ஈ.சீ.ஜீ. எனப் பரவலாக வழங்கும் இதய மின்வரைபு இதற்குத் தக்க உதாரணமாகும்.

1887இல் இலண்டனில் ஓகஸ்டஸ் வோலர் மனித இதயத்தின் மின்னியக்கத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்தார். ஆயின் அவர் கையாண்ட பாதரச மின்மானி விரைவான மாற்றங்களைப் பின்தொடரும் ஆற்றலற்றது. தமது முறை மருத்துவமனைகளிற் பரவலாகப் பயன்படுமென வோலரே எதிர்பார்க்கவில்லை. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐன்தோவன் 1901இல் விவரித்த இழைக் கல்வனோமானி இத்தடையை நீக்கிற்று. வலிய காந்தப் புலத்தினுள் அமைந்த, வெள்ளி பூசிய மெல்லிய குவாட்ஸ் இழையின் அசைவை ஒளிப்படமாக அது பதிந்தது.

இதனை ஒத்த கருவியொன்றை 1897இல் கிளெமாந் அடேர் கடலடித் தந்திச் செய்திகளைப் பெறுவதற்காக அமைத்திருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. கடல்கடந்த வணிகமும் குடியேற்ற ஆட்சியும் வேண்டிநின்ற தந்தித்துறை, நுண்ணிய மின்னோட்டங்களை அறியும் நுட்பத்தை வளர்த்தது. அந்நுட்பச் சூழலிலேயே இதய ஆய்வும் வளர்ந்தது. ஐன்தோவனும் ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டிருந்த ஜாவாவின் செமராங் நகரில் 1860இற் பிறந்தவரே. அவரது தொடக்ககாலக் கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். 1924இல் நொபெல் பரிசு பெற்றவர் ஒருவர், உழைத்தோர் பலர்.

இப்பதிவின் குறியீடுகள் மனிதர் வகுத்த மரபுகளே. ஆதலின் அவை கற்கத்தக்கவை. கட்டத்தாளிற் கிடையாகக் காலமும் நிலைக்குத்தாக மின்னழுத்தமும் அமையும். தாள் வழக்கமாகச் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகரும். எனவே ஒரு சிறுகட்டம் 0.04 செக்கன், ஐந்து சிறுகட்டங்கள் சேர்ந்த பெருங்கட்டம் 0.2 செக்கன். 10 மில்லிமீற்றர் உயரம் ஒரு மில்லிவோல்ற்றைக் குறிக்கும். முதலில் எழும் பி அலை சோணையறைகளின் மின்கிளர்ச்சியையும், கூரிய கியூ-ஆர்-எஸ் பகுதி இதயவறைகளின் மின்கிளர்ச்சியையும், ரி அலை இதயவறைகள் பழைய மின்னிலைக்கு மீள்வதையும் காட்டுவன.

துடிப்பு ஒழுங்காயின், அடுத்தடுத்த இரு ஆர் முனைகளுக்கிடையிலுள்ள பெருங்கட்டங்களின் தொகையால் 300ஐ வகுக்க நிமிடத் துடிப்பு வீதம் பெறப்படும். நான்கு கட்டங்களாயின் 75. இடைவெளிகள் முற்றிலும் ஒழுங்கற்றும் பி அலைகள் இன்றியும் காணப்படின், தோமஸ் லூயிஸ் முதலானோர் 1909இல் தெளிவுபடுத்திய சோணையறை நடுக்கத்தை ஐயுற இடமுண்டு.

எனினும் இவ்வரைபு மின்னியக்கத்தின் பதிவே. இதயம் எவ்வளவு வலுவுடன் குருதியை வெளியேற்றுகின்றது என்பதை அது நேரடியாகக் காட்டாது. இயல்பான பதிவு நோயின்மைக்கு முழுச் சான்றுமாகாது. நெஞ்சுவலியுடன் வரும் ஒருவரின் வரைபை அவரது நோய்க்குறிகளிலிருந்து பிரித்து வாசித்தல், சூழலை விடுத்துப் பாடத்தை மட்டும் வாசிப்பதை ஒத்த தவறாகும்.

எழுத்தறிவு சிலரின் உடைமையாயிருந்த காலங்களை இலக்கிய வரலாற்று மாணவர் அறிவர். உடல் பற்றிய அறிவுக்கும் இது பொருந்தும். அடிப்படைகளை அறிந்த நோயாளி மருத்துவரின் இடத்தைக் கோருவதில்லை. தம் உடலைப் பற்றி எடுக்கப்படும் முடிவுக்குக் காரணம் கேட்கும் தகுதியையே அவர் பெறுகின்றார். அத்தகுதியைப் பொதுமையாக்குதல் கற்றோரின் கடமையாகும்.