வக்கீலும் கண் டாக்டரும்: கரிசல் மண்ணின் இரண்டு கொடைகள்

வானம் பார்த்த பூமியில் கோர்ட்டுச் செலவும் வைத்தியச் செலவும் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். மழை பொய்த்த வருஷத்தில் வந்தால், மிளகாய்க்காடோ பருத்திக்காடோ கை மாறிவிடும். இந்த இரண்டு செலவையும் ஏழையின் தலையிலிருந்து இறக்கப் பார்த்த இருவர் இதே கரிசலில் பிறந்தவர்கள். ஒருவர் ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை. மற்றவர், எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராகவே நினைக்கிறோம். அதற்கு முன்பே 1895-ல் ஓட்டப்பிடாரத்தில் பிளீடராக உட்கார்ந்தவர் அவர். அப்பா உலகநாத பிள்ளை வசதியானவர்களுக்கு வாதாடினார். மகன் காசு வாங்காமல் ஏழைகளுக்கு வக்காலத்துப் போட்டார், சில வழக்குகளில் அப்பாவுக்கு எதிராகவே நின்றார். போலீசின் பகை முற்றவே 1900-ல் தூத்துக்குடிக்குப் போனார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம், பிறகு சிறை. 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அதன்பின் 1932 வரை அவர் தொழில் நடத்திய ஊர் கோவில்பட்டி. 1936-ல் கண்மூடும்போது அவர் பெயரில் கடன் இருந்தது.

வெங்கடசாமியின் கதையில் முதலில் கண்ணில் படுவது அவருடைய விரல்கள். முடக்குவாதம் அவற்றைத் திருகிவிட்டது. பிரசவ மருத்துவராகும் ஆசையைக் கைவிட்டு, கோணிய விரல்களிலேயே கத்தியைப் பிடித்து, நிறுத்தி, அறுக்கப் பழகிக் கண்புரை எடுத்தார். வாழ்நாளில் அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தும் உடன்பிறந்தவர்கள் நகை கொடுத்தும் நடந்த காரியம் அது. முடிந்தவர் கட்டணம் கட்டுவார், முடியாதவருக்கு இலவசம். கட்டியவர் பணத்தில் கட்டாதவரின் ஆபரேஷனும் நடந்துவிடும்.

இருவருக்கும் மனசு ஒன்றுதான். இலவசத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் கவனம் நிற்கிறது. வ.உ.சி. தன் வருமானத்திலிருந்தே கொடுத்தார். அவர் சிறைக்குப் போனதும் ஊற்று அடைபட்டது. அரவிந்தில் அது நிறுவனத்தின் வரவு செலவுக்குள்ளேயே இருந்ததால், 2006-ல் டாக்டர் இறந்த பிறகும் ஊர்களுக்குக் கண் முகாம் போய்க்கொண்டிருக்கிறது. முகாம் செலவில் ஒரு பங்கை உள்ளூர் சங்கங்களும் வியாபாரிகளும் ஏற்கிறார்கள். 1992-ல் அரவிந்தின் அங்கமாகத் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த கண் லென்சை இங்கேயே செய்து விலையை இறக்கியது.

இதை வைத்து வ.உ.சி.யைக் குறைத்துப் பேசுவது அநியாயம். கண்புரையை வரிசையில் எடுக்கலாம். ஒரு மேஜையில் ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரை நர்சுகள் தயாராக வைத்திருப்பார்கள், டாக்டர் திரும்பினால் போதும். வழக்கு அப்படி நகராது. ஒவ்வொரு கட்சிக்காரரின் கதையும் வேறு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு பகல் போகும். எதிரே அதிகாரம் நின்றால் வக்கீலின் தலைக்கே ஆபத்து வரும். ஏழைக்குக் கண்புரை எடுக்கும் டாக்டருக்கு அந்த ஆபத்து பொதுவாக இல்லை.

வக்கீலின் தனிக்கொடையை நிறுவனமாக்கும் வேலையை 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் ஏற்றது. தாலுகா அளவில் குழு உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், குறைந்த வருமானக்காரர்கள் போன்றோர் அங்கே மனுக் கொடுத்தால் வக்கீலை நியமிக்கிறார்கள், அவருக்கான கட்டணத்தை ஆணையம் தருகிறது. கண் முகாமுக்கு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகக் கூப்பிடுகிறோம். இந்தக் குழுவுக்கும் அதே மாதிரிக் கரிசல் கிராமங்களில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும்.