மொரிஸ் மைனர் முன்சக்கர பிரேக் மேம்பாடு

மொரிஸ் மைனர் முன்சக்கர பிரேக் மேம்பாடு என்பது, 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்ட மொரிஸ் மைனர் மகிழுந்தின் முன்சக்கரங்களில் உள்ள சிறிய டிரம் பிரேக்குகளை அகற்றிவிட்டு, பிற மாதிரிகளிலிருந்து எடுத்த பெரிய டிரம் பிரேக்குகளையோ டிஸ்க் பிரேக்குகளையோ பொருத்துவதைக் குறிக்கும். பழைய மகிழுந்துகளைப் பேணுவோர் பரவலாகச் செய்யும் மாற்றங்களுள் இதுவும் ஒன்று. தமிழில் டிரம் பிரேக் உருளைத் தடுப்பு எனவும், டிஸ்க் பிரேக் வட்டுத் தடுப்பு எனவும் அழைக்கப்படுகின்றன.

பெரிய பிரேக் பொருத்தினால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மை அன்று. சக்கரத்தைச் சுழலாமல் பூட்டிவிடும் அளவுக்கு ஒரு பிரேக்கு ஏற்கனவே வலுவாக இருந்தால், அதன்பின் வண்டி நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையேயான பிடிப்பே ஆகும். நல்ல நிலையிலுள்ள மைனரின் பழைய டிரம் பிரேக்குகளும் அதன் ஒடுங்கிய டயர்களை ஒருமுறை பூட்டக்கூடியவையே. அடுத்தடுத்துப் பலமுறை அழுத்தும்போதும், நீண்ட இறக்கங்களில் இறங்கும்போதும் அவற்றால் அதே வலுவைக் காட்ட முடியாது என்பதே உண்மையான குறை.

பின்னணி

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி மகிழுந்தை வடிவமைத்தவரும் இவரே. முதல் மைனரில் 918 கன செ.மீ. பொறி இருந்தது, அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல விட்டமுடைய, நீர்மவியல் அழுத்தத்தால் இயங்கும் டிரம் பிரேக்குகள் அமைந்திருந்தன. 1952இல் 803 கன செ.மீ. பொறியும், 1956இல் 948 கன செ.மீ. பொறியும், 1962இல் 1098 கன செ.மீ. பொறியும் வந்தன. கடைசியாகக் கூறப்பட்ட பொறியுடன் வேகம் மணிக்கு 120 கி.மீ. வரை உயர்ந்ததால், உற்பத்தியாளர்களே முன்சக்கர டிரம்மை 8 அங்குலமாகப் பெரிதாக்கினர். பின்சக்கரங்களில் 7 அங்குலமே தொடர்ந்தது.

இன்று ஓடும் மைனர்கள் பலவற்றில் 1275 கன செ.மீ. பொறியும் ஐந்து பல்லிணை மாற்றுப்பெட்டியும் பொருத்தப்பட்டுள்ளன. வேகம் கூடிய வண்டியில் பிரேக்கு மட்டும் 1948ஆம் ஆண்டினதாக இருப்பதே பெரும்பாலான மேம்பாடுகளுக்குக் காரணம்.

வெப்பமும் பிரேக் தளர்வும்

பிரேக்கின் வேலை இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதாகும். ஆட்களுடன் சேர்த்து 900 கி.கி. எடையுள்ள மைனர் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து முற்றாக நிற்கும்போது ஏறத்தாழ 350 கிலோயூல் ஆற்றல் வெளியேற வேண்டும். ஒரு லீட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பமும் ஏறக்குறைய இவ்வளவே. 120 கி.மீ. வேகமாயின் இது 500 கிலோயூலாக உயரும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடுகின்றது. வன்மையாக நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் இதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முன்சக்கர பிரேக்குகளையே சேரும்.

டிரம் சூடேறும்போது விரிவடைந்து, உள்ளே இருக்கும் ஷூக்களை விட்டு விலகிச் செல்கின்றது. அதனால் மிதி (பெடல்) கூடுதலாகக் கீழிறங்கும். அதே வேளையில் உராய்வுப் பட்டையின் உராய்வுக் குணகமும் குறைகின்றது. இது பிரேக் தளர்வு எனப்படும். மைனரின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் முன்னோடும் ஷூக்கள் ஆகும். அதாவது, சுழலும் டிரம்மே அவற்றைத் தன்னை நோக்கி இழுத்து மேலும் இறுக்குகின்றது. ஓட்டுநரின் காலுக்கு இது பேருதவி. ஆனால் உராய்வு சற்றே குறைந்தாலும் இந்தத் தன்னிறுக்கமும் சேர்ந்து குறைவதால், தளர்வு திடீரெனத் தெரிகின்றது. பின்னோக்கி நகரும்போது தன்னிறுக்கம் கிடைக்காது. மேட்டில் நிறுத்திய மைனர் பின்னோக்கி உருளத் தொடங்கினால் மிதியை எவ்வளவு அழுத்தவேண்டியுள்ளது என்பதை அதன் ஓட்டுநர்கள் அறிவர்.

டிஸ்க் பிரேக்கில் வட்டு திறந்த வெளியில் காற்றுப்படச் சுழல்கின்றது. சூடேறினால் அது தடிப்பது பேடுகளை நோக்கியே. எனவே மிதி கீழிறங்குவதில்லை.

பெரிய டிரம்கள்

மிக எளிய வழி, 1962க்குப் பிந்திய மைனரின் 8 அங்குல பிரேக்குகளைப் பழைய மைனருக்கு மாற்றுவதாகும். பின்தகடு, ஷூக்கள், வீல் சிலிண்டர்கள், டிரம் ஆகிய அனைத்தையும் ஒரு தொகுதியாக மாற்றவேண்டும்.

அடுத்தது, வூல்சிலி 1500, ரைலி 1.5 ஆகிய மகிழுந்துகளின் 9 அங்குல டிரம்கள். 1957 முதல் 1965 வரை உற்பத்தியான இவ்விரண்டும் மைனரின் அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டவை. ஆனால் 1489 கன செ.மீ. பொறியைக் கொண்டிருந்ததால் பெரிய பிரேக்குகள் இடப்பட்டன. ஆரம் கூடுவதால் மட்டுமே 7 அங்குலத்தைவிட 9 அங்குல டிரம் ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல் திருப்புவிசை தரும்; வெப்பத்தை ஏற்கும் இரும்பின் அளவும் கூடும். மைனரின் 14 அங்குலச் சக்கரத்தினுள் இவை இடைஞ்சலின்றி அடங்கும். வண்டியின் காலத்துக்கும் தோற்றத்துக்கும் பொருந்துவது இம்மாற்றமே. இப்பாகங்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதே இதன் குறை.

பின்தகடுகளில் இடம், வலம் என்ற வேறுபாடு உண்டு. மாற்றிப் பொருத்தினால் முன்னோடும் ஷூக்கள் இரண்டும் பின்னோடும் ஷூக்களாகி, பெரிய டிரம் இருந்தும் பிரேக்கு முன்பைவிட வலுவிழந்துவிடும்.

டிஸ்க் பிரேக்குகள்

1971இல் வெளிவந்த மொரிஸ் மரீனா மகிழுந்தின் முன் தொங்கலமைப்பு, முறுக்குத் தண்டும் நெம்புகோல் வகை அதிர்வுறிஞ்சியும் கொண்டு, மைனரின் அமைப்பை ஒட்டியே அமைந்தது. இதனால் அதன் டிஸ்க்குகளும் காலிப்பர்களும் மைனர் உரிமையாளர்களின் முதல் தெரிவாயின. மரீனாக்கள் அருகிவிட்ட பின்னர், வேறு மகிழுந்துகளின் காலிப்பர்களை மைனரின் அச்சுமுனையில் பொருத்த உதவும் இடைத்தகடுகள் விற்பனைக்கு வந்தன. இத்தகடுகள் பிரேக்கின் முழு விசையையும் தாங்குபவை. ஆகையால் கிடைத்த இரும்பை வெட்டி ஒட்டிச் செய்யத்தக்கவை அல்ல.

டிஸ்க்குக்கு மாறியவர் பலர் முதல் ஓட்டத்திலேயே ஏமாற்றமடைவதுண்டு. டிஸ்க் பிரேக்கில் தன்னிறுக்கம் கிடையாது. எனவே அதே தடுப்பு விசைக்கு மிதியைக் கூடுதலாக அழுத்தவேண்டும். இதனை ஈடுசெய்யப் பொறியின் வெற்றிடத்தால் இயங்கும் சர்வோ ஒன்று குழாய்த் தொடரில் இணைக்கப்படுகின்றது.

மாஸ்டர் சிலிண்டர்

மேம்பாட்டில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுவே. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டகத்தினுள் மறைந்துள்ளது. அதன் மரையாணிகளைக் கழற்ற முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். இதற்கு அஞ்சியே பலர் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். ஆனால் டிஸ்க்குக்கு மாறும்போது அதைத் தொட்டே ஆகவேண்டும்.

டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், மிதியை விட்ட பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று உள்ளது. அந்த அழுத்தம் டிஸ்க் பேடுகளை வட்டில் உரசியபடியே வைத்திருக்கும். உரசலில் வட்டு சூடேறி, திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கக்கூடியது என்பதால் மிதி தரைவரை போய்விடும். எனவே இவ்வால்வு அகற்றப்படவேண்டும்.

மேலும், சிலிண்டரின் திரவக்கலம் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் திரவம் மெதுவாகப் பின்னோக்கி வடியலாம். பேடு தேயத் தேய காலிப்பருக்குக் கூடுதல் திரவமும் தேவை. இதனால் பொறி அறையின் பின்சுவரில் தனித் திரவக்கலம் ஒன்று பொருத்தப்படுவதுண்டு. பழைய அமைப்பு ஒற்றைச் சுற்று உடையது. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது, டிஸ்க்குக்கு மாறுவதைவிடப் பயனுள்ள பாதுகாப்பு எனக் கூறலாம்.

முன்பின் சமநிலை

பின்சக்கரங்கள் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். முன்சக்கரங்கள் முதலில் பூட்டினால் திருப்ப இயலாமல் நேராகச் செல்லும். முன்னதே கூடுதல் ஆபத்தானது. முன் பிரேக்கை மட்டும் வலுவாக்குவது சமநிலையை இரண்டாவது பக்கம் நகர்த்துகின்றது. அளவு மீறினால் ஈரச்சாலையில் முன்சக்கரங்கள் விரைவில் பூட்டி, பின் பிரேக்குகள் வேலையே செய்யாமல், நிற்கும் தூரம் முன்பைவிட நீளக்கூடும். வீல் சிலிண்டர்களின் விட்டத்தைத் தேர்வதன் மூலம் இது சரிசெய்யப்படுகின்றது.

இணைப்புகளும் தூசும்

மைனரின் பிரேக் குழாய் இணைப்புகள் அங்குல அளவுடையவை. புதிய மகிழுந்துகளின் காலிப்பர்கள் மீட்டர் முறை மரை கொண்டவை. 3/8 அங்குல மரையின் விட்டம் 9.5 மி.மீ.; அதனுடன் எளிதில் குழப்பிக்கொள்ளத்தக்க மற்றது 10 மி.மீ. சிறியது பெரியதனுள் நுழைந்து பிடித்தது போலத் தோன்றும். முழு அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் ஒவ்வொரு இணைப்பையும் அளந்து உறுதிசெய்தல் இன்றியமையாதது.

பழைய ஷூக்களின் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். டிரம்மினுள் படிந்த தூசைக் காற்றால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

பிற மகிழுந்துகளில்

இத்தகைய கலப்பு மைனருக்கு மட்டும் உரியதன்று. டாட்சன் 240இசட் மகிழுந்துக்கு டொயோட்டா நாற்சக்கர இயக்கச் சரக்குந்துகளின் காலிப்பர்களும், 1960களின் ஃபோர்டு மஸ்டாங்குக்கு ஃபோர்டு கிரனாடாவின் டிஸ்க்குகளும் பொருத்தப்படுகின்றன.

சட்ட நிலை

பிரித்தானியாவில் 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகிழுந்துகளுக்கு, அவை பெருமளவில் மாற்றியமைக்கப்படாதவையாக இருப்பின், 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்பைக் கூட்டுவதற்காக அச்சு, ஓடுபாகங்களில் செய்யப்படும் மாற்றங்கள் இவ்விலக்கைப் பறிப்பதில்லை. எனினும் வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்கவேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. சோதனைக் கட்டாயம் இல்லாததால், மாற்றியமைத்த பிரேக்கை உருளைச் சோதனைப் பொறியில் அளந்து பார்ப்பவர்கள் தாமாகவே முன்வந்து செய்பவர்களாவர்.

இலங்கையில்

இலங்கையில் மைனர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் இவற்றைக் காணலாம். 1990களில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் தயாரிக்கப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரில் அப்போது இருந்த மைனர் மீட்டமைப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன.